இரு பக்கத்துக்கும் ஒரே பஸ்: அப்பாச்சி சி.எக்ஸ்.எஃப். பற்றிய மதிப்பீடு

ஜாவாவில் சோப் சேவைகளை, அதாவது எக்ஸ்.எம்.எல். செய்திகள் மூலம் செயலிகள் பேசிக்கொள்ளும் வலைச் சேவைகளை, எழுதுபவர்களுக்கு அதற்கான கட்டமைப்பாகிய அப்பாச்சி சி.எக்ஸ்.எஃப். புதிய பெயரல்ல. அயோனா நிறுவனத்தின் செல்டிக்ஸும் கோட்ஹாஸ் தளத்தில் வளர்ந்த எக்ஸ்ஃபயரும் 2006-இல் அப்பாச்சியின் கீழ் ஒன்றிணைந்தபோது, இரண்டின் பெயர்களிலிருந்தும் எழுத்துகளை எடுத்து இந்தப் பெயரை வைத்தார்கள். 2008-இல் அது அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமாக உயர்ந்தது. அதன் எல்லா வசதிகளையும் நான் இங்கே எடைபோடப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கிளையண்ட் பக்கத்து அமைவும் சர்வர் பக்கத்து அமைவும் முரண்படும்போது இந்தக் கட்டமைப்பு நமக்கு எவ்வளவு துணை நிற்கிறது? சோப் சேவையோடு வேலை செய்பவர்களின் நாள்கள் பெரும்பாலும் கழிவது இந்த முரண்களைத் தேடுவதில்தான் என்பதால், ஒரு கட்டமைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் பராமரிக்கும் செயலி இரண்டு வேலைகளைச் செய்கிறது. கிளை அலுவலகங்களிலிருந்து வரும் கோரிக்கைகளைப் பெற்றுக்கொள்ளும்போது அது சர்வர். அவற்றைச் சரிபார்த்து வெளி நிறுவனம் ஒன்றின் சேவைக்கு அனுப்பும்போது அதுவே கிளையண்ட். இரண்டும் ஒரே ஜாவா செயல்முறைக்குள், ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் ஒரே சூழலில் ஓடுகின்றன. இப்படி நடுவில் நிற்கும் செயலிகளில்தான் சி.எக்ஸ்.எஃப்.-இன் வலிமையும் குறையும் ஒருசேர வெளிப்படும்.

சி.எக்ஸ்.எஃப்.-இன் மையத்தில் இருப்பது பஸ். வரும், போகும் செய்திகளை இடையில் சோதிக்கும் அல்லது மாற்றும் இன்டர்செப்டர்கள், போக்குவரத்து அமைவுகள், சேவையின் தேவைகளைச் சரிபார்க்கும் பாலிசி எஞ்சின் ஆகிய எல்லாவற்றையும் அதுவே வைத்திருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால், செயலியில் உருவாகும் எல்லாக் கிளையண்டுகளும் எல்லா எண்ட்பாயிண்டுகளும் (சர்வர் கோரிக்கைகளைப் பெறும் முகவரிகள்) ஒரே இயல்பு பஸ்ஸைப் பகிர்ந்துகொள்கின்றன. பத்து சேவைகளுக்கும் லாக் (நடப்பவற்றின் பதிவு) வேண்டுமென்றால் பஸ்ஸில் ஒரு வரி எழுதினால் போதும். பத்து இடங்களில் எழுத வேண்டியதில்லை. சிறிய செயலியில் இது பெரிய வசதி. ஆனால் எங்களுடையதைப் போன்ற செயலியில் இதே வசதிதான் முதல் முரணுக்கு வித்திட்டது.

கிளைகளிலிருந்து வரும் கோரிக்கைகளில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட பாதுகாப்புத் தலைப்பு இருக்க வேண்டும் என்பதற்காக, அதைச் சரிபார்க்கும் டபிள்யூ.எஸ்.எஸ்.4ஜே. என்ற பாதுகாப்பு நூலகத்தின் இன்டர்செப்டரைப் பஸ்ஸின் உள்வரும் பட்டியலில் சேர்த்தோம். கிளைகளின் கோரிக்கைகள் ஒழுங்காக வேலை செய்தன. வெளி நிறுவனத்துக்குப் போகும் அழைப்புகள் மட்டும் அன்றிலிருந்து பாதுகாப்புத் தலைப்பில் பிழை என்று தோற்றன. அந்த நிறுவனத்தின் பதிலை அப்படியே எடுத்துப் பார்த்தபோது அதில் எந்தக் குறையும் இல்லை. பாதுகாப்புத் தலைப்பும் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் கவனத்துக்கு வராமல் போனது ‘உள்வரும்’ என்ற சொல்லின் இரட்டைப் பொருள். சர்வருக்கு உள்ளே வருவது கோரிக்கை. கிளையண்டுக்கு உள்ளே வருவது பதில். பஸ்ஸில் வைத்த இன்டர்செப்டர் இரண்டையும் வேறுபாடில்லாமல் சோதிக்கிறது. கோரிக்கைக்கென்று எழுதிய விதி பதிலின் மேல் போய் விழுந்தது.

இதற்கான தீர்வு எளியது, அதைச் சி.எக்ஸ்.எஃப். நன்றாகவே தருகிறது. பாதுகாப்பு இன்டர்செப்டரைப் பஸ்ஸிலிருந்து எடுத்து, அந்த எண்ட்பாயிண்டின் சொந்தப் பட்டியலில் வைத்துவிடலாம். அல்லது இரண்டு பஸ்களை உருவாக்கி, எண்ட்பாயிண்டுகளுக்கு ஒன்றும் கிளையண்டுகளுக்கு ஒன்றுமாகக் கொடுத்துவிடலாம். ஸ்பிரிங் அமைவுக் கோப்பில் ஒவ்வொரு கிளையண்டுக்கும் எண்ட்பாயிண்டுக்கும் எந்தப் பஸ் என்று சொல்லும் பண்பு இருக்கிறது. நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பக்கத்தில் செய்யும் மாற்றம் மறுபக்கத்தைத் தொடாது என்ற நிம்மதிக்காகக் கூடுதலாகச் சில வரிகள் எழுதுவதில் தவறில்லை. நடுவில் நிற்கும் எந்தச் செயலியைத் தொடங்கினாலும் முதல் நாளே இரண்டு பஸ்களோடு தொடங்கும்படி கேட்டுக்கொள்வேன்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நிரலிலேயே பஸ்ஸை உருவாக்கி, ஓடும் த்ரெட்டுக்கு (செயலிக்குள் தனியாக ஓடும் வேலை இழைக்கு) இதுதான் இயல்பு பஸ் என்று அறிவிக்கும் வழியும் இருக்கிறது. சர்வர்களில் த்ரெட்டுகள் ஒரு குழுவிலிருந்து எடுக்கப்பட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படுபவை. ஒரு கோரிக்கையில் அறிவித்ததை முடிவில் விலக்காமல் விட்டால், அதே த்ரெட்டில் அடுத்து வரும், இதனோடு தொடர்பே இல்லாத வேலை அந்தப் பஸ்ஸை எடுத்துக்கொள்ளும். இந்த வகைப் பிழை பத்து முறைக்கு ஒருமுறைதான் தலைகாட்டும் என்பதால் பிடிப்பது கடினம். அறிவிப்பதும் விலக்குவதும் ஒரே இடத்தில், விலக்குவது, பிழை வந்தாலும் கட்டாயம் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது கான்டியூட். வெளியே செல்லும் எச்.டி.டி.பி. இணைப்பின் டைம்அவுட் (காத்திருக்கும் நேர எல்லை), பிராக்சி (இடைநிலைச் சர்வர்), சான்றிதழ் போன்றவை எல்லாம் கான்டியூட்டின் அமைவில்தான் இருக்கின்றன. அதை எந்தக் கிளையண்டுக்குப் பொருத்துவது என்பதைச் சி.எக்ஸ்.எஃப். பெயரை வைத்து முடிவு செய்கிறது. சுருள் அடைப்புக்குள் நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமலிருக்கச் சேவைக்கு வைக்கும் அடையாள முகவரி), அதை ஒட்டிப் போர்ட்டின் (சேவையை அணுகும் வாயிலின்) பெயர், அதன் பின்னே கான்டியூட் என்று சொல்லும் வால். இந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நேம்ஸ்பேஸின் கடைசியில் ஒரு சாய்கோடு குறைந்தாலும் அந்த அமைவு யாருக்கும் போய்ச் சேராது. அப்படிச் சேரவில்லை என்பதை யாரும் சொல்லவும் மாட்டார்கள். செயலி தொடங்கும், அழைப்பு போகும், நாம் எழுதிய டைம்அவுட்டுக்குப் பதிலாக இயல்பு மதிப்பு நடைமுறையில் இருக்கும். இணைப்புக்கு 30 விநாடி, பதிலுக்காகக் காத்திருக்க 60 விநாடி என்பவையே அந்த இயல்பு மதிப்புகள்.

பெயர் தவறுவதற்கு எழுத்துப்பிழை மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. சேவையின் ஒப்பந்தக் கோப்பாகிய டபிள்யூ.எஸ்.டி.எல்.-ஐ, எங்கள் பேச்சில் விஸ்டிலை, கொடுத்துக் கிளையண்டை உருவாக்கினால் போர்ட்டின் பெயர் அதிலிருந்து வரும். விஸ்டிலைக் கொடுக்காமல் ஜாவா இடைமுகத்தை மட்டும் கொடுத்துப் பிராக்சி (இங்கே இடைநிலைச் சர்வர் அல்ல, சேவையை அழைக்கும் ஜாவா பொருள்) தொழிற்சாலை மூலம் உருவாக்கினால், பேக்கேஜ் பெயரைத் தலைகீழாக்கி நேம்ஸ்பேஸும், இடைமுகத்தின் பெயரை ஒட்டிப் போர்ட் பெயரும் தாமாகவே உருவாகும். விஸ்டிலைத் திறந்துவைத்துக்கொண்டு அதிலுள்ள பெயரைக் கவனமாகப் பார்த்து எழுதியவருடைய அமைவும் இப்படிப் பொருந்தாமல் போகலாம். எங்களுக்கு அப்படித்தான் போனது.

அந்த நாளின் நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளி நிறுவனத்தின் சேவை மாதக் கடைசியில் மெதுவாகும். ஒரு கோரிக்கைக்கு 90 விநாடி வரை எடுக்கும். அதை அறிந்தே 120 விநாடி டைம்அவுட் எழுதியிருந்தோம். ஆனால் பெயர் பொருந்தாததால் 60 விநாடிதான் நடைமுறையில் இருந்தது. 60-ஆவது விநாடியில் எங்கள் கிளையண்ட் கைவிட்டது. மீண்டும் முயலும்படி எழுதியிருந்த நிரல் அதே கோரிக்கையை இரண்டாம் முறை அனுப்பியது. மறுபக்கத்துச் சர்வரோ முதல் கோரிக்கையைக் கைவிடவில்லை. 90-ஆவது விநாடியில் அதை முடித்துப் பதிவு செய்தது, பின்னர் இரண்டாவதையும் பதிவு செய்தது. ஒரே பரிமாற்றம் இரண்டு முறை பதிவானதைக் கணக்குப் பிரிவினர்தான் எங்களுக்குச் சொன்னார்கள். சர்வர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது விஸ்டிலில் எங்கும் எழுதப்படுவதில்லை. எனவே எந்தக் கட்டமைப்பாலும் இந்த முரணைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எழுதிய அமைவு யாருக்கும் பொருந்தவில்லை என்று தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை வரி லாகில் விழுந்திருந்தால் நாங்கள் அன்றே திருத்தியிருப்போம். அந்த ஒரு வரி இல்லாததைத்தான் இந்தக் கட்டமைப்பின் மிகப் பெரிய குறையாக நான் கருதுகிறேன்.

வேறு வழி இல்லாமலில்லை. லாக் பதிவின் நிலையை நுண்ணிய அளவுக்கு இறக்கிவைத்தால், கான்டியூட் ஒவ்வொன்றும் அமைக்கப்படும்போது தன் முழுப்பெயரையும், சாதாரண எச்.டி.டி.பி.-க்கு அமைக்கப்பட்டதா பாதுகாப்பான இணைப்புக்கு அமைக்கப்பட்டதா என்பதையும் சொல்கிறது. அந்தப் பெயரை அப்படியே எடுத்து அமைவுக் கோப்பில் ஒட்டிவிட்டால் தவறே வராது. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான். நட்சத்திரக்குறி போட்டு எல்லாக் கான்டியூட்டுகளுக்கும் பொதுவான அமைவை எழுதும் வழியும் உண்டு. டைம்அவுட்டுக்கு அது சரி. சான்றிதழுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு நிறுவனத்துக்கென்று வாங்கிய கிளையண்ட் சான்றிதழைத் தொடர்பே இல்லாத இன்னொரு சர்வரிடம் போய் நீட்டுவது முறையல்ல.

நிரலில் நேரடியாக மதிப்பை மாற்றினால் அது கோப்பில் உள்ளதற்குப் பின்னால் எழுதப்படுவதால் அதுவே நிலைக்கும். ஒவ்வொரு அழைப்பின் சூழலிலும் தனித்தனியாக மதிப்பை வைக்கலாம். ஆனால் அந்தச் சூழல் இயல்பாகத் த்ரெட்டுகளுக்குப் பொதுவானது என்பதையும், தனித்தனியாக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பண்பை இயக்க வேண்டும் என்பதையும் அறியாமல் ஒரே பிராக்சியைப் பல த்ரெட்டுகளுக்குக் கொடுத்தால், ஒருவர் மாற்றிய முகவரியில் இன்னொருவருடைய கோரிக்கை போய்ச் சேரும். நிரலில் உருவாக்கிய கிளையண்டுக்குக் கோப்பிலிருந்து அமைவைப் பொருத்துவதற்கும் ‘இது ஏபிஐ வழியாக உருவானது’ என்று சொல்லும் தனிப் பண்பு வேண்டும். ஆக, ஒரே மதிப்பை எழுத இங்கே குறைந்தது நான்கு இடங்கள் இருக்கின்றன. எங்கள் குழுவில் இப்போது கோப்பைத் தவிர வேறெங்கும் எழுதக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம்.

சங்கிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கிளையண்டும் சர்வரும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கருவிகளில் எழுதப்பட்டிருக்கும்போது முதலில் வெடிப்பது இதுதான். கோரிக்கையின் மொத்த நீளத்தை முன்கூட்டியே சொல்லாமல் துண்டு துண்டாக அனுப்பும் முறை இது. எச்.டி.டி.பி. 1.1 தரத்தில் இது முறையான வழி, சி.எக்ஸ்.எஃப். கிளையண்டில் இது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஆனால் 4096 பைட்டுக்குள் அடங்கும் கோரிக்கையை அது துண்டாக்காமல் நீளத்தோடு அனுப்பிவிடும். இந்த எல்லைதான் சிக்கலை மறைத்துவைக்கிறது. சோதனையில் மூன்று வரிகள் கொண்ட கோரிக்கைகளை அனுப்பினோம், எல்லாம் தேறின. முதல் நாள் காலையில் ஒரு கிளையின் உண்மையான பட்டியல் போனபோது 411 என்ற எண்ணோடு மறுப்பு வந்தது: நீளத்தைச் சொல், இல்லாவிட்டால் ஏற்க மாட்டேன் என்பது அதன் பொருள். அந்தச் சர்வரின் முன்னால் இருந்த ஒரு பழைய பிராக்சி துண்டுகளை ஏற்காதது. அந்தப் போர்ட்டின் கான்டியூட்டில் சங்கிங்கை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. நிறுத்தினால் முழுக் கோரிக்கையையும் முதலில் சேர்த்துவைத்து நீளத்தை அளந்தாக வேண்டும் என்பதால், பெரிய இணைப்புக் கோப்புகளை அனுப்பும் சேவைகளில் அதற்கு ஒரு விலை உண்டு. எனவே எங்கும் பொதுவாக நிறுத்திவிடாமல் வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்துவதே சரி. புதிய சேவையோடு இணையும் ஒவ்வொரு முறையும் 4096 பைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோரிக்கையையாவது சோதனையில் சேர்த்துவிடுங்கள்.

சோப்பின் 1.1, 1.2 பதிப்புகளுக்கு இடையிலான முரண் இதைவிட எளியது. 1.1 மட்டும் பேசும் எண்ட்பாயிண்டுக்கு 1.2 செய்தியை அனுப்பினால், அப்படி அனுப்புவது செல்லாது என்று சி.எக்ஸ்.எஃப். நேரடியாகவே சொல்லிவிடுகிறது. படித்த உடனே புரியும் பிழைச்செய்திக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பாதுகாப்புப் பகுதிக்கு வருவோம். சி.எக்ஸ்.எஃப். இரண்டு வழிகளைத் தருகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் நான் சொல்ல விரும்பும் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் வழியில், செய்ய வேண்டிய செயல்களின் பெயர்களைக் கிளையண்டிலும் சர்வரிலும் தனித்தனியாகப் பட்டியலிடுகிறோம்: பயனர்பெயர், நேரமுத்திரை, கையொப்பம் என்று. கிளையண்டில் நேரமுத்திரையைச் சேர்த்துவிட்டு சர்வரில் அதைச் சேர்க்க மறந்தால், செயல்கள் பொருந்தவில்லை என்று சர்வர் மறுக்கும். கடவுச்சொல்லை அப்படியே அனுப்புவதா, அதிலிருந்து கணக்கிட்ட, மூலத்தைத் திரும்பப் பெற முடியாத ஹாஷை அனுப்புவதா என்பதிலும் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஹாஷ் முறையில் நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் மதிப்பு), உருவான நேரம், கடவுச்சொல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவதால், சர்வரிடம் கடவுச்சொல்லின் மூல வடிவம் இருந்தால்தான் ஒப்பிட முடியும். கடவுச்சொல்லை ஒருவழி ஹாஷாகத் தரவுதளத்தில் சேமித்து வைத்திருக்கும் அமைப்புகளில் இது நடக்காது. கிளையண்டை எழுதுபவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. இரண்டு கோப்புகள், இரண்டு கைகள், நடுவில் பொதுவான ஒப்பந்தம் எதுவும் இல்லை.

இரண்டாவது வழியில், தேவைகளை எல்லாம் பாலிசியாக விஸ்டிலுக்குள்ளேயே எழுதிவிடுகிறோம். சர்வர் அதைப் படித்து என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. கிளையண்ட் அதே எழுத்தைப் படித்து என்ன அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. பயனர்பெயர், கடவுச்சொல்லைத் தரும் நிரல், சாவிக்கோப்பின் இடம் போன்ற, ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்தமான விவரங்கள் மட்டுமே வெளியே மிஞ்சுகின்றன. முரணைத் தீர்ப்பதைவிட, முரண் பிறப்பதற்கான இடத்தையே குறைத்துவிடுவது இந்த வழி. சி.எக்ஸ்.எஃப்.-இன் பாலிசி எஞ்சினை இத்தனை ஆண்டுகளாக நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். எங்களுடைய எண்ட்பாயிண்டுகள் அனைத்தையும் படிப்படியாக இந்த வழிக்கு மாற்றினோம். மாற்றிய பிறகு கிளைகளின் நிரலாளர்களிடமிருந்து பாதுகாப்பு தொடர்பாக வரும் தொலைபேசி அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

பிழை வராது என்று சொல்லவில்லை. கிளையண்ட் பக்கம் பாலிசிக்கான ஜார் (ஜாவா நூலகக்) கோப்பு விட்டுப்போனால், பாலிசியின் எந்த மாற்று வழியையும் நிறைவேற்ற முடியவில்லை என்ற செய்தி வரும். எது நிறைவேறவில்லை, ஏன் என்று அதில் இருக்காது. முதல் முறை பார்ப்பவர் விஸ்டிலில்தான் தவறு என்று நினைத்து அதைத் திருத்தத் தொடங்கிவிடுவார். உள்வரும் செய்தியைச் சோதிக்கும் பக்கத்தில் வரும் செய்தி இதைவிட நன்று. நிறைவேறாத கூற்றுகளின் பெயர்களையும், சில இடங்களில் காரணத்தையும் பட்டியலிடுகிறது. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்ஸரின் பின்னால் சர்வரை வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருநாள் கட்டாயம் பார்ப்பார்கள். பாலிசி, இணைப்பு பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. கிளையண்டும் பாதுகாப்பாகவே இணைகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு லோட் பேலன்ஸரோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் சர்வருக்கு வருவது சாதாரண எச்.டி.டி.பி. இது பாதுகாப்பான இணைப்பு அல்ல என்று சர்வர் மறுக்கிறது. கிளையண்ட், சர்வர் இருவரும் பாலிசியைச் சரியாகப் பின்பற்றியும் முரண் வருகிறது. அதை உண்டாக்குவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும், எந்தக் கோப்பிலும் எழுதப்படாத மூன்றாவது பெட்டி. நாங்கள் லோட் பேலன்ஸருக்கும் சர்வருக்கும் இடையிலும் பாதுகாப்பான இணைப்பை நீட்டித்துத் தீர்த்தோம். விஸ்டிலில் உள் முகவரி வெளிப்படாமல் வெளி முகவரி தெரிவதற்கு எண்ட்பாயிண்டில் தனிப் பண்பு இருக்கிறது. அது சொன்னபடி வேலை செய்கிறது.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேரமுத்திரை உருவாகி 300 விநாடிக்கு மேல் ஆகிவிட்டால் செய்தி காலாவதி. இது பலருக்கும் தெரியும். எதிர்காலத்தில் உருவானதாகத் தெரியும் செய்திக்கு 60 விநாடி வரைதான் சலுகை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கிளையின் கணினி மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தால் அதன் கோரிக்கை ஏற்கப்படும். இன்னொரு கிளையின் கணினி ஒன்றரை நிமிடம் முந்தியிருந்தால் மறுக்கப்படும். இரண்டு எண்களையும் மாற்றலாம். மாற்றுவதற்கு முன் கடிகாரங்களை நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும். மறுப்பின் காரணத்தைக் கிளையண்டிடம் சொல்லாமல், செய்தியைச் சரிபார்க்கும்போது பாதுகாப்புப் பிழை ஏற்பட்டது என்று மட்டும் சொல்வது 3.0 பதிப்பிலிருந்து வந்த பழக்கம். தாக்க வருபவருக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்பது அதன் நியாயம், அதை ஏற்கிறேன். உண்மையான காரணத்தைத் திருப்பி அனுப்பும் பண்பும் இருக்கிறது. அதைச் சோதனைச் சூழலில் மட்டும் இயக்கிவைத்தால் மறுபக்கத்து நிரலாளரின் ஒரு முழு நாள் மிஞ்சும்.

இன்னும் ஒரு முரண், இது மெதுவாக வளர்வது. சர்வர் பக்கத்தில் பதிலுக்குள் புதிதாக ஒரு புலத்தைச் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு அது சிறு மேம்பாடு. பழைய விஸ்டிலிலிருந்து உருவான கிளையண்டோ, எதிர்பாராத உறுப்பு என்று சொல்லி, அதோடு தான் எதிர்பார்த்த பெயர்களையும் அடுக்கிவிட்டு, முழுப் பதிலையும் நிராகரிக்கிறது. எக்ஸ்.எம்.எல்.-ஐ ஜாவா பொருளாக மாற்றும் ஜாக்ஸ்-பி தானாக இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சி.எக்ஸ்.எஃப். தான் ஒரு கண்காணிப்பாளரை இணைத்து இதைப் பிழையாக்குகிறது. ஒரு பண்பின் மதிப்பை மாற்றினால் புதிய புலத்தைக் கண்டுகொள்ளாமல் கிளையண்ட் கடந்துபோகும். எதை இயல்பாக வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பணமும் கையெழுத்தும் சம்பந்தப்பட்ட இடத்தில் தெரியாத புலத்தைப் பார்த்து நின்றுவிடுவதே சரி என்பது என் கருத்து. அதனால் பரிமாற்றச் சேவைகளில் கண்டிப்பை அப்படியே விட்டுவிட்டு, முகவரிப் பட்டியல் போன்ற வெறும் தகவல் சேவைகளில் மட்டும் தளர்த்தியிருக்கிறோம். இப்படிக் கிளையண்டுக்குக் கிளையண்ட் வேறுபடுத்திக்கொள்ள விடுகிறது என்பதற்காகவே சி.எக்ஸ்.எஃப்.-க்கு நன்றி சொல்ல வேண்டும்.

மாற்று என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2018-இல் வந்த ஜாவா 11, அதுவரை ஜாவாவோடு சேர்ந்தே வந்த ஜாக்ஸ்-டபிள்யூ.எஸ். என்ற சோப் சேவைப் பகுதியை நீக்கிவிட்டதால், கைவசம் இருந்ததைக் கொண்டு சமாளித்தவர்களும் ஒரு கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய நிலை வந்தது. விஸ்டிலிலிருந்து மட்டுமே தொடங்குவதை ஏற்பவர்களுக்கு ஸ்பிரிங்கின் சொந்தச் சேவைக் கட்டமைப்பு போதும். அதில் எழுத வேண்டிய இடங்கள் குறைவு, ஆகவே முரண்களும் குறைவு. பாலிசியோடு பேசும் சர்வர்களை எதிர்கொள்ள வேண்டியவர்களுக்கு, அதிலும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதப்பட்ட சேவைகளோடு இணைபவர்களுக்கு, நான் சி.எக்ஸ்.எஃப்.-ஐத்தான் பரிந்துரைப்பேன். 2022 இறுதியில் வந்த 4.0 பதிப்பு, ஜாவா நூலகங்களின் புதிய பேக்கேஜ் பெயர்களாகிய ஜகார்த்தா பெயர்களுக்கு மாறியிருப்பதால், இரு பக்கமும் ஒரே செயலியில் இருப்பவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில்தான் மாற்ற முடியும். அதற்குக் குறைந்தது ஒரு மாதத்தை ஒதுக்குவது நல்லது.

ஆவணங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு பண்பும் என்ன செய்யும், அதன் இயல்பு மதிப்பு என்ன என்பதற்கான அட்டவணைகள் தளத்தில் இருக்கின்றன, அவை நம்பத்தக்கவை. இரண்டு இடங்களில் எழுதினால் எது நிலைக்கும் என்பதை ஒரே பக்கத்தில் சேர்த்துச் சொல்லும் விளக்கம் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. மூல நிரலைத் திறந்து பார்த்துத்தான் பல விடைகளைக் கண்டோம். நிரல் ஒழுங்காக எழுதப்பட்டிருப்பதால் அந்தத் தேடல் வீண்போகவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எழுதிச் சேர்த்த ஒரு சிறிய நிரல் இன்றும் எங்கள் செயலியில் இருக்கிறது. செயலி தொடங்கியதும் அது ஒவ்வொரு கிளையண்டாக எடுத்து, அதன் கான்டியூட்டின் பெயர், நடைமுறையில் உள்ள இரண்டு டைம்அவுட்டுகள், சங்கிங் இயங்குகிறதா இல்லையா, எந்தப் பஸ், உள்வரும் இன்டர்செப்டர்கள் எவை என்று லாகில் ஒரு வரி எழுதும். பிறகு அமைவுக் கோப்பில் பெயரிடப்பட்டிருந்தும் எந்தக் கிளையண்டுக்கும் பொருந்தாத கான்டியூட்டுகள் இருந்தால் அவற்றின் பெயர்களைச் சொல்லிச் செயலியைத் தொடங்கவிடாமல் நிறுத்திவிடும். நாற்பது வரிகள்கூட இல்லை. போன மாதம் ஒரு சேவையின் நேம்ஸ்பேஸில் ஆண்டைக் குறிக்கும் பகுதி மாறியபோது, சோதனைச் சர்வரில் செயலி தொடங்க மறுத்து, அந்தப் பழைய பெயரை முழுதாக எழுதிக் காட்டியது.